காலையில் மட்டும் வரும் வயிற்றுவலி: குழந்தைகளின் பதற்றத்தை அறிவதும் உதவி தேடுவதும்

"எனக்குப் பதற்றமாக இருக்கிறது" என்று எந்த ஏழு வயதுப் பிள்ளையும் வந்து சொல்லாது. வயிறு வலிக்கிறது என்று சொல்லும். தலை வலிக்கிறது, வாந்தி வருகிற மாதிரி இருக்கிறது, கால் உளைகிறது என்று சொல்லும். பள்ளிக்கூட வேன் வருவதற்கு அரை மணி நேரம் முன்னால் தொடங்கும் இந்த வலி, இன்றைக்கு லீவு என்று முடிவானதும் கொஞ்ச நேரத்தில் காணாமல் போய்விடும். மத்தியானம் பிள்ளை தெருவில் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருக்கும். பார்க்கிற பெரியவர்களுக்கு எரிச்சல் வருவது இயல்புதான். "சும்மா நடிக்கிறான்" என்ற தீர்ப்பும் உடனே வந்துவிடும்.

பெரும்பாலும் அது நடிப்பில்லை. வலி உண்மையானது. ஆபத்து வருகிறது என்று மூளை கணித்தவுடன் அட்ரினலின் போன்ற ஹார்மோன்கள் உடம்பில் சுரக்கின்றன. சண்டை போடவோ ஓடவோ உடம்பு தயாராகிறது. இதயம் வேகமாக அடிக்கிறது, மூச்சு மேலோட்டமாகிறது, தசைகள் இறுகுகின்றன. செரிமானம் அந்த நேரத்துக்குத் தேவையில்லாத வேலை என்பதால் குடலுக்குப் போகும் ரத்தம் குறைகிறது, வயிறு பிசைகிறது. புலியைப் பார்த்தால் நடக்க வேண்டியதெல்லாம் கணக்கு டெஸ்ட்டை நினைத்தாலே நடந்துவிடுகிறது. ஆபத்து நீங்கியது என்று தெரிந்தால் எல்லாம் அடங்கிவிடும். வீட்டிலேயே இருக்கலாம் என்றதும் வலி போவதற்குக் காரணம் இதுதான்.

அதற்காக எல்லா வயிற்றுவலியையும் மனம் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. முதலில் ஒரு குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். தூக்கத்திலிருந்து எழுப்புகிற வலி, எடை குறைதல், காய்ச்சல், மலத்தில் ரத்தம், ஓயாத வாந்தி, தொப்புளைச் சுற்றி இல்லாமல் ஒரு பக்கமாக வரும் வலி ஆகியவற்றை உடல்நோயாகவே எடுத்துக்கொண்டு பரிசோதிக்க வேண்டும். ஆஸ்துமாவுக்கு எடுக்கும் சில மருந்துகளும் தைராய்டு கோளாறும்கூட நெஞ்சுப் படபடப்பைத் தரும். இவையெல்லாம் இல்லை என்று தெரிந்த பிறகு, "ஒண்ணுமில்லை" என்று மருத்துவர் சொன்னால், உறுப்பில் கோளாறு இல்லை என்பதுதான் அதன் பொருள். பிள்ளைக்கு ஒன்றுமே இல்லை என்று அர்த்தமில்லை. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு ஸ்கேன் மேல் ஸ்கேன் எடுத்து அலைகிற குடும்பங்கள் நிறைய.

எந்த வயதில் எந்தப் பயம் சகஜம்

பயமே இல்லாத குழந்தை கிடையாது, இருக்கவும் கூடாது. ஏழெட்டு மாதத்தில் புது முகத்தைக் கண்டால் வீறிடுவதும், ஒரு வயதுக்கு மேல் அம்மா குளிக்கப் போனால்கூட அழுவதும் வளர்ச்சியின் பகுதி. மூன்றிலிருந்து ஆறு வயது வரை இருட்டு, பேய், கட்டிலுக்கு அடியில் இருப்பது, இடி. (இந்த வயதில்தான் நாம் பூச்சாண்டியையும் ஊசி போடுகிற டாக்டரையும் போலீஸ்காரரையும் வரிசையாகக் கூப்பிட்டுச் சோறு ஊட்டுகிறோம். பிறகு ஊசிக்குப் பயப்படுகிறானே என்று அங்கலாய்க்கிறோம்.) பள்ளி வயதில் அடிபடுவது, அம்மா அப்பா இறந்துபோவது, டீச்சரின் கோபம் ஆகியவை பயமாகின்றன. பதின்ம வயதில் மற்றவர்கள் என்ன நினைப்பார்கள் என்பதே பெரிய பயம்.

இவை வந்து போகும். ஆறுதல் சொன்னால் அடங்கும், நாள் போகப் போகக் கரையும். கவலைப்பட வேண்டியது எப்போது என்பதற்கு நான் பார்க்கிற முதல் அளவுகோல், அந்தப் பயம் பிள்ளையின் வாழ்க்கையில் எதையெல்லாம் நிறுத்திவிட்டது என்பது. பள்ளிக்குப் போவது நின்றுவிட்டதா? தாத்தா பாட்டி வீட்டில் தங்குவது, பிறந்தநாள் விழாவுக்குப் போவது, தனியாகத் தூங்குவது, விளையாடுவது? பயத்தின் அளவு அதன் காரணத்துக்குப் பொருந்துகிறதா என்பது அடுத்தது. எத்தனை நாளாக என்பது மூன்றாவது. மருத்துவர்கள் கால அளவு வைத்திருக்கிறார்கள்: பிரிவுப் பதற்றம் குழந்தைகளிடம் நான்கு வாரம் நீடித்தால் கோளாறு என்று கருதலாம், எல்லாவற்றையும் பற்றிய பொதுவான கவலைக்கு ஆறு மாதம். ஆனால் அது நோய்க்குப் பெயர் வைப்பதற்கான கணக்கு. உதவி கேட்கப் போவதற்கு ஆறு மாதம் காத்திருக்க வேண்டியதில்லை. பிள்ளை இரண்டு வாரமாகப் பள்ளிக்கே போகவில்லை என்றால் அதுவே போதுமான காரணம்.

பதற்றத்தின் முகங்கள்

பிரிவுப் பதற்றம் உள்ள பிள்ளை அம்மாவின் முந்தானையை விடாது. அம்மாவுக்கு விபத்து நடந்துவிடும், தன்னை யாராவது தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று நினைத்துக்கொண்டே இருக்கும். வகுப்பிலிருந்து போன் போடச் சொல்லிக் கெஞ்சும். வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லாமல் போன பிறகோ, சாவு விழுந்த பிறகோ, ஊர் மாறிய பிறகோ, நீண்ட விடுமுறைக்குப் பிறகோ இது தலைகாட்டுவது அதிகம்.

பொதுவான கவலைக்காரப் பிள்ளையைக் கண்டுபிடிப்பது கடினம், ஏனென்றால் அது பெரும்பாலும் "ரொம்பப் பொறுப்பான பிள்ளை" என்று பெயரெடுத்திருக்கும். ஹோம்வொர்க்கில் ஒரு எழுத்து கோணினால் பக்கத்தையே கிழித்துவிட்டு மறுபடி எழுதும். நாளைக்கு மழை வந்தால் என்ன ஆகும், அப்பாவுக்கு வேலை போய்விட்டால் என்ன ஆகும், வேன் லேட்டானால் என்ன ஆகும் என்று கேட்டுக்கொண்டே இருக்கும். பதில் சொன்னால் ஐந்து நிமிடம் நிம்மதி, பிறகு மறுபடி அதே கேள்வி. இரவில் தூக்கம் பிடிக்காது. நல்ல மார்க் வாங்குவதால் யாரும் இதை ஒரு சிரமமாகவே எடுத்துக்கொள்வதில்லை.

மனிதர்களைக் கண்டு பதறும் பிள்ளைகள் வேறு வகை. வகுப்பில் எழுந்து படிக்க மாட்டார்கள், பள்ளிக் கழிப்பறைக்குப் போக மாட்டார்கள், மற்றவர்கள் முன்னால் சாப்பிட மாட்டார்கள். இதோடு நெருங்கிய ஒன்று, நம் ஊரில் ரொம்பவே தவறவிடப்படுவது, இடத்துக்கேற்ற பேசாமை. வீட்டில் வாய் ஓயாமல் பேசுகிற பிள்ளை, பள்ளிக்குள் நுழைந்ததும் ஒரு சொல் பேசாது. "அமைதியான பிள்ளை, தொந்தரவே கிடையாது" என்று டீச்சர் சந்தோஷமாகச் சொல்வார். வீட்டில் நம்ப மாட்டார்கள். இது பிடிவாதமோ திமிரோ இல்லை. தொண்டை வரை வந்த சொல் வெளியே வராமல் நின்றுவிடுகிறது. பள்ளியில் சேர்ந்த முதல் மாதத்தை இதற்குக் கணக்கில் எடுக்க மாட்டார்கள், எந்தக் குழந்தைக்கும் பழக நேரம் வேண்டுமே. அதற்குப் பிறகும் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் பார்க்க வேண்டும். "பேசு, பேசினால்தான் விடுவேன்" என்று எல்லோர் முன்னாலும் நிறுத்தி வைப்பது நிலைமையை மோசமாக்கும்.

பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பக்கம் வந்தால் திடீர்ப் பீதித் தாக்குதல்களைப் பார்க்கலாம். நெஞ்சு படபடக்கும், மூச்சு முட்டும், விரல் நுனிகள் மரத்துப்போகும், செத்துவிடுவோம் என்று தோன்றும். சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போய், பிறகு தானாக இறங்கும். முதல் முறை வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போய் ஈசிஜி எடுத்துப் பார்ப்பதே சரி. இதயத்தில் குறையில்லை என்று தெரிந்த பிறகும் அடிக்கடி வந்தால், தேவைப்படுவது வேறு மருத்துவர். நாய், ஊசி, இருட்டு, கரப்பான்பூச்சி என்று ஒரே பொருளைக் கண்டு வரும் அச்சங்களை எல்லோருக்கும் தெரியும், அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பதற்றம் எல்லாப் பிள்ளைகளிடமும் பயமாகத் தெரியாது. கோபமாகவும் தெரியும். கிளம்பச் சொன்னால் பையைத் தூக்கி எறிவது, தம்பியை அடிப்பது, கதவைச் சாத்திக்கொள்வது ஆகியவற்றுக்குக் கீழே பல நேரம் பயம்தான் இருக்கும். பையன்கள் விஷயத்தில் இதை இன்னும் கவனிக்க வேண்டும், "ஆம்பளைப் பிள்ளை பயப்படலாமா" என்று கேட்டே அவர்களுக்குக் கோபப்பட மட்டும் கற்றுக்கொடுத்திருக்கிறோம்.

பயம் எப்படி வளர்கிறது

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைப் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்றை வைத்துக்கொள்வோம். பள்ளிக்குப் போக பயம், அழுகிறது. பார்க்கச் சகிக்காமல், சரி இன்றைக்கு ஒரு நாள் வீட்டில் இரு என்று சொல்லிவிடுகிறோம். அந்த நொடியே பயம் இறங்குகிறது, பிள்ளைக்கு நிம்மதி, நமக்கும் நிம்மதி. ஆனால் மூளை அங்கே ஒரு பாடம் படித்துவிடுகிறது: பள்ளிக்கூடம் ஆபத்தானது, போகாததால்தான் தப்பித்தோம். போயிருந்தால் முதல் பீரியட் முடிவதற்குள் பயம் தானாகக் குறைந்திருக்கும் என்பதைத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பு அதற்குக் கிடைக்கவே இல்லை. அடுத்த நாள் பயம் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். போதாததற்கு விட்டுப்போன பாடம், "ஏன் வரலை" என்று கேட்கப்போகும் டீச்சர், வேறு ஆளோடு சேர்ந்துவிட்ட தோழி என்று புதுப் பயங்களும் சேரும். கந்துவட்டிக்கு வாங்கிய கடன் மாதிரி இந்த நிம்மதி. கையில் வாங்கும்போது சுகம், வட்டி மட்டும் ஏறிக்கொண்டே போகும்.

தவிர்ப்பது பயத்தை வளர்க்கும் என்றால், மெல்ல நெருங்குவது அதைக் குறைக்கும். இது நூறாண்டுக்கு முன்பே சோதித்துப் பார்க்கப்பட்ட விஷயம். மேரி கவர் ஜோன்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர், பீட்டர் என்று அவர் குறிப்பிடும், மூன்று வயதுகூட நிரம்பாத ஒரு சிறுவனைப் பற்றி 1924இல் எழுதினார். அவனுக்கு முயல் என்றால் நடுக்கம். அவன் தனக்குப் பிடித்ததைச் சாப்பிடும்போது, கூண்டில் இருந்த முயலை அறையின் தள்ளிய பக்கத்தில் வைத்தார். நாள்பட நாள்பட அதை அருகே கொண்டுவந்தார். முயலுக்குப் பயப்படாத வேறு குழந்தைகளையும் கூட இருக்க வைத்தார். கடைசியில் அவன் முயலைத் தடவிக்கொடுத்தான், தன் விரல்களை அது கடிக்க விட்டான். இன்றைக்குப் பிள்ளைகளின் பதற்றத்துக்குக் கொடுக்கப்படும் முதன்மையான பேச்சு சிகிச்சையின் நடுவில் இருப்பது இதே யோசனைதான்.

வீட்டில் இதைச் செய்வது எப்படி? அந்நியரிடம் பேசப் பயப்படும் பிள்ளை என்றால் தெருமுனை மளிகைக்கடையே போதும். முதல் வாரம் அம்மா வாங்கும்போது பக்கத்தில் நிற்பது. அப்புறம் காசை மட்டும் பிள்ளை கொடுப்பது. அப்புறம் "தேங்க்ஸ் அண்ணா" என்று சொல்வது. அதற்குப் பிறகு "ஒரு பால் பாக்கெட்" என்று கேட்பது. பிறகு அம்மா வாசலில் நிற்க, பிள்ளை மட்டும் உள்ளே போவது. ஒவ்வொரு படியும் கொஞ்சம் பயமாக இருக்க வேண்டும், தாங்கக்கூடியதாகவும் இருக்க வேண்டும். பயமே இல்லாத படி வீண். ஒரே படியைப் பல முறை செய்து, சலிப்புத் தட்டிய பிறகு அடுத்ததுக்குப் போகலாம். நீச்சல் தெரியாதவனைக் கிணற்றில் தள்ளிவிடுகிற பழைய வைத்தியம் இதில் சேராது. மெல்ல என்பதும், பிள்ளை ஒத்துக்கொண்டு என்பதும் முக்கியம்.

இங்கே பெற்றோரின் பங்கு பற்றிச் சொல்லாமல் போக முடியாது. பிள்ளை பேச வேண்டிய இடத்தில் நாம் பேசிவிடுகிறோம். பத்து வயதிலும் பக்கத்தில் படுத்துக்கொண்டால்தான் தூங்கும் என்று படுத்துக்கொள்கிறோம். "சீக்கிரம் வந்துடுவியாம்மா" என்று பத்தாவது முறை கேட்டாலும் பத்தாவது முறையும் பதில் சொல்கிறோம். அன்பினால் செய்வதுதான். ஆனால் ஒவ்வொன்றும் "நீ இதைத் தாங்க மாட்டாய்" என்ற செய்தியைப் பிள்ளைக்குச் சொல்லிவிடுகிறது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் எலி லெபோவிட்ஸ் என்பவரும் அவர் குழுவினரும் இதை மட்டுமே குறிவைத்து ஒரு சிகிச்சை உருவாக்கினார்கள். அதில் பிள்ளை வரவே வேண்டாம், பெற்றோர் மட்டும் வருவார்கள். இப்படி வளைந்துகொடுப்பதை எப்படிக் குறைப்பது, பிள்ளையின் பயத்தை மதித்துக்கொண்டே அதன் மேல் நம்பிக்கையை எப்படிக் காட்டுவது என்று கற்றுக்கொள்வார்கள். 7 முதல் 14 வயது வரையிலான 124 பிள்ளைகளின் குடும்பங்களை வைத்து அவர்கள் செய்த ஆய்வு 2020இல் வெளிவந்தது. பிள்ளைக்கு நேரடியாகச் சிகிச்சை கொடுத்ததற்குச் சளைக்காத பலன் இதில் கிடைத்தது. பிள்ளை மருத்துவரிடம் வரவே மறுக்கிறது என்று கைவிட்டுவிடுகிறவர்கள் இதைக் கவனிக்கலாம்.

அதற்காகப் பெற்றோரால்தான் பதற்றம் வந்தது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பதற்ற சுபாவம் ஓரளவு பிறப்பிலேயே வருகிறது, குடும்பங்களில் தொடர்கிறது. பல நேரம் பிள்ளையை அழைத்துவரும் அம்மாவுக்கோ அப்பாவுக்கோகூட அதே சிரமம் சின்ன வயதிலிருந்தே இருந்திருக்கும். அவர்கள் தங்களுக்கும் உதவி கேட்பது பிள்ளைக்கும் நல்லது.

என்ன பேசுவது

"இதுக்கெல்லாமா பயப்படுவாங்க" என்றால் பிள்ளை பயத்தை மறைக்கக் கற்றுக்கொள்ளும், அவ்வளவுதான். "ஐயோ பாவம், நீ போக வேண்டாம்" என்றால் பயம் ஜெயித்துவிடும். இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி உண்டு: "உனக்குப் பயமா இருக்குன்னு தெரியுதுடா. வயிறு பிசையுது இல்ல? கொஞ்ச நேரத்துல குறைஞ்சிடும். உன்னால முடியும், போயிட்டு வா." முதல் பாதி பயத்தை ஒப்புக்கொள்கிறது, இரண்டாவது பாதி பிள்ளை மேல் நம்பிக்கை வைக்கிறது. ஒரு பாதியை மட்டும் சொன்னால் வேலைக்காகாது. "ஒண்ணுமே ஆகாது" என்று சத்தியம் செய்யவும் வேண்டாம். டெஸ்ட்டில் மார்க் குறையலாம், யாராவது சிரிக்கவும் செய்யலாம். அப்படி ஆனாலும் சமாளிக்கலாம் என்பதுதான் பிள்ளைக்குத் தெரிய வேண்டியது.

மூச்சுப் பயிற்சி உதவும். நான்கு எண்ணும் வரை மூக்கால் இழுத்து, ஆறு எண்ணும் வரை மெதுவாக விடுவது. விடுகிற மூச்சு நீளமாக இருந்தால் இதயத்துடிப்பு இறங்கும். இதைப் பிள்ளை நிம்மதியாக இருக்கும்போது விளையாட்டாகப் பழக்க வேண்டும். நடுங்கிக்கொண்டிருக்கும் பிள்ளையிடம் போய் "மூச்சை இழு, மூச்சை இழு" என்று கத்தினால் நமக்கும் சேர்ந்து மூச்சு வாங்கும். தூக்கம், நேரத்துக்குச் சாப்பாடு, ஓடி விளையாடுவது ஆகியவற்றின் பங்கையும் லேசாக நினைக்க வேண்டாம். ஆறு மணிக்கு எழுந்து டியூஷன், பிறகு பள்ளி, பிறகு மறுபடி டியூஷன் என்று ஓடுகிற பிள்ளைக்கு எந்தப் பயிற்சியும் ஒட்டாது.

பள்ளிக்குப் போக மறுத்தால்

முதலில் காரணம் தேட வேண்டும். பள்ளியில் யாராவது அடிக்கிறார்களா, கேலி செய்கிறார்களா? வேனிலோ டியூஷனிலோ யாராவது தொடக்கூடாத விதத்தில் தொடுகிறார்களா? நன்றாக இருந்த பிள்ளை ஒரு குறிப்பிட்ட ஆளையோ இடத்தையோ கண்டு திடீரென்று மிரண்டால், மெல்ல நெருங்குவது, படிப்படியாகப் பழக்குவது என்று இதுவரை சொன்ன எதுவும் பொருந்தாது. அங்கே பயம் சரியான வேலையைத்தான் செய்கிறது. பிள்ளையைப் பாதுகாப்பதுதான் முதல் வேலை. கற்றல் குறைபாட்டையும் மறக்கக் கூடாது. எழுத்துகள் பிடிபடாத பிள்ளைக்கு வகுப்பில் சத்தமாகப் படிப்பது தினசரி தண்டனை. அதன் பதற்றத்தை மட்டும் குணப்படுத்த முயன்றால் நடக்காது.

அப்படி எதுவும் இல்லை, பதற்றம்தான் என்று தெரிந்தால், வீட்டில் இருக்கும் நாள்களைக் கூடிய சீக்கிரம் குறைப்பதுதான் வழி. நாள் கூடக் கூடத் திரும்புவது கடினம். வகுப்பாசிரியரைப் பார்த்துப் பேசுங்கள். முதல் நாள் ஒரு மணி நேரம், பிறகு மத்தியானம் வரை, பிறகு முழு நாள் என்று பல பள்ளிகள் ஒத்துக்கொள்ளும். வாசலில் கைபிடித்து அழைத்துப்போக ஒரே ஆசிரியர் நின்றால் பெரிய உதவி. விடைபெறுவது சுருக்கமாக இருக்கட்டும். கேட்டைப் பிடித்துக்கொண்டு அம்மாவும் அழுதால் அங்கே ஏதோ ஆபத்து இருப்பது பிள்ளைக்கு உறுதியாகிவிடும். சொல்லாமல் நழுவி ஓடுவதும் தப்பு, அடுத்த நாள் பிடி இன்னும் இறுகும். வீட்டில் இருக்க நேர்ந்த நாளில் டிவி, மொபைல் கிடையாது, பாடம் உண்டு என்று வைத்துக்கொள்வதும் நல்லது. இதைத் தண்டனைத் தொனியில் செய்ய வேண்டாம். வீடு பள்ளியைவிடச் சுவாரசியமாக இல்லாமல் இருந்தால் போதும்.

ஹாஸ்டலில் போட்டால் சரியாகிவிடும் என்று உறவில் யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார். அவர் சொல்லட்டும்.

யாரிடம் போவது

நம் வீடுகளில் பிள்ளை பயந்துவிட்டது என்றால் முதலில் மந்திரிக்கப் போவார்கள். கோயிலில் விபூதி போடுவது, தர்காவில் ஓதிக் கயிறு கட்டுவது, வேப்பிலை அடிப்பது என்று ஊருக்கு ஊர் வழக்கம் உண்டு. இதைக் கேலி செய்ய எனக்கு விருப்பமில்லை. நம்பிக்கையுள்ள குடும்பத்துக்கு அது ஆறுதல், சின்னப் பயங்கள் அதிலேயே அடங்கிப்போவதும் உண்டு. புகை போடுவது, அடிப்பது, கட்டிவைப்பது என்று போனால் மட்டும் அங்கிருந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட வேண்டும். அப்புறம், கயிறு கட்டியும் பிள்ளை பள்ளிக்குப் போகவில்லை என்றால், கயிறு கையில் இருக்கட்டும், மருத்துவரையும் பாருங்கள்.

முதல் படி வழக்கமாகப் பார்க்கும் குழந்தை மருத்துவர். அடுத்தது மனநல மருத்துவர் அல்லது மருத்துவ உளவியலாளர். முன்னவர் எம்.பி.பி.எஸ். படித்து அதன் மேல் மனநல மருத்துவம் படித்தவர், மருந்து எழுதுவார். பின்னவர் பேச்சு சிகிச்சை கொடுப்பவர், மருந்து எழுத மாட்டார். இந்தியாவில் மருத்துவ உளவியலாளர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கவுன்சலர் என்று போர்டு வைக்க யாராலும் முடிகிறது என்பதால் சொல்கிறேன்.

தமிழ்நாட்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர்கள் மாவட்டங்களில் வேலை செய்கிறார்கள். பெரிய இடம் வேண்டுமென்றால் வேலூர் சி.எம்.சி.யிலும் பெங்களூரு நிம்ஹான்ஸிலும் குழந்தைகளுக்கென்றே தனி மனநலப் பிரிவுகள் இயங்குகின்றன. எங்கே போவது என்றே தெரியாவிட்டால் மத்திய அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி மானஸை 14416 என்ற எண்ணில் அழைக்கலாம். 2022 அக்டோபரில் தொடங்கியது, கட்டணம் இல்லை, இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம். பிள்ளைக்கு யாராவது கொடுமை செய்கிறார்கள் என்று சந்தேகம் இருந்தால் குழந்தைகள் உதவி எண் 1098. இலங்கையில் தேசிய மனநல உதவி எண் 1926, சிறுவர் பாதுகாப்புக்கு 1929.

"பைத்தியம்னு பேர் வந்துடுமே" என்ற தயக்கம், குறிப்பாகப் பெண் பிள்ளை வீட்டில், இன்னும் இருக்கிறது. நிம்ஹான்ஸ் 2015-16இல் நடத்திய தேசிய மனநல ஆய்வு, 13 முதல் 17 வயது வரை உள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்கு ஏதாவதொரு மனநலச் சிக்கல் இருப்பதாகக் கணக்கிட்டது. நாற்பது பேர் உள்ள வகுப்பில் மூன்று பேர். மனநலச் சிகிச்சை பற்றிய விவரங்கள் ரகசியமாக வைக்கப்பட வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டமும் சொல்கிறது. பள்ளிக்கு எவ்வளவு சொல்வது என்பது உங்கள் முடிவு.

முதல் சந்திப்பில் பெரும்பாலும் பேச்சுதான். எப்போது தொடங்கியது, எந்த நாள்களில் அதிகம், தூக்கம் எப்படி, பசி எப்படி, குடும்பத்தில் யாருக்காவது உண்டா என்று கேட்பார்கள். பிள்ளையோடு தனியாகவும் பேசுவார்கள், அதற்கு இடம் கொடுங்கள். கேள்வித்தாள் ஒன்றை நிரப்பச் சொல்லலாம். போவதற்கு முன் இரண்டு வாரம் ஒரு நோட்டில் வலி வந்த நாள், நேரம், அதற்கு முன் என்ன நடந்தது, நீங்கள் என்ன செய்தீர்கள் என்று குறித்துக்கொண்டு போனால் வேலை பாதி முடிந்தது. பிள்ளையிடம் ஐஸ்கிரீம் வாங்கப் போகிறோம் என்று பொய் சொல்லிக் கூட்டிப்போக வேண்டாம். "அடிக்கடி வயிறு வலிக்குது, பயமா இருக்குன்னு சொல்ற இல்ல, அதைச் சரிபண்ணத் தெரிஞ்ச டாக்டர். ஊசி எல்லாம் போட மாட்டாங்க, பேசுவாங்க" என்று சொல்லலாம்.

சிகிச்சை என்றால் முதலில் வருவது அறிவாற்றல் நடத்தை சிகிச்சை. பெயர்தான் பெரிது. பயம் உடம்பில் என்ன செய்கிறது என்று புரிந்துகொள்வது, "எல்லாரும் சிரிப்பாங்க" என்ற நினைப்பைச் சோதித்துப் பார்ப்பது, மேலே சொன்ன படிகளில் ஏறுவது, இவ்வளவுதான் உள்ளே இருப்பது. வாரம் ஒன்றாக ஏறக்குறைய மூன்று மாதம் ஓடும். நடுவில் வீட்டுப்பாடமும் உண்டு.

மருந்து எல்லோருக்கும் தேவைப்படாது. பதற்றம் கடுமையாக இருந்தால், பேச்சு சிகிச்சை மட்டும் போதாவிட்டால் கொடுப்பார்கள். அமெரிக்காவில் 7 முதல் 17 வயது வரையிலான 488 பிள்ளைகளிடம் நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2008இல் வந்தது. பன்னிரண்டு வாரத்துக்குப் பிறகு, பேச்சு சிகிச்சை பெற்றவர்களில் சுமார் 60 சதவீதம் பேர் நன்றாகத் தேறினார்கள். செர்ட்ரலின் என்ற மாத்திரை எடுத்தவர்களில் 55 சதவீதம், இரண்டும் சேர்ந்து பெற்றவர்களில் 81 சதவீதம், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மருந்தே இல்லாத வெற்று மாத்திரை கொடுக்கப்பட்டவர்களில் 24 சதவீதம். இந்த வகை மருந்துகள் வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும், தூக்க மாத்திரை போல அடிமைப்படுத்துவதில்லை. ஆனால் சில இளம் வயதினருக்குத் தொடக்க வாரங்களில் அமைதியின்மையோ தற்கொலை எண்ணமோ தலைதூக்கலாம் என்பதால் அந்த நாள்களில் கூர்ந்து கவனித்து, அடிக்கடி மருத்துவரைப் பார்க்க வேண்டும். நன்றாகிவிட்டது என்று நாமே திடீரென நிறுத்தக் கூடாது. பாட்டி தூக்கத்துக்கு எடுக்கும் மாத்திரையில் பாதியை உடைத்துக் கொடுப்பது பற்றி: வேண்டவே வேண்டாம்.

சாக வேண்டும் என்று பிள்ளை சொன்னால், தன்னைத் தானே காயப்படுத்திக்கொண்டால், சாப்பிடுவதையும் தூங்குவதையும் நிறுத்திவிட்டால், அப்பாயின்ட்மென்ட் கிடைக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். தனியாக விடாமல், அன்றைக்கே அருகிலுள்ள பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். 108 ஆம்புலன்ஸை அழைக்கலாம். மாத்திரைகள், பூச்சிமருந்து ஆகியவற்றைக் கைக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள். சாவைப் பற்றி நேராகக் கேட்டால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி வராது, கேட்கலாம்.

மற்றபடி, இரண்டு மூன்று முறை போய்வந்து பலன் தெரியவில்லை என்றால் உடனே விட்டுவிட வேண்டாம், பயத்தை நெருங்கும் படிகள் தொடங்கும்போது கொஞ்ச நாளைக்குப் பதற்றம் கூடுவது வழக்கம்தான். அந்த மருத்துவரிடம் பிள்ளைக்கு ஒட்டவே இல்லை என்றால் மட்டும் வேறு ஒருவரைப் பார்க்கலாம். பழைய சீட்டுகளையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள், முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல்லும் வேலை மிச்சமாகும்.